அவருக்கு வந்த சர்க்கரை

"மறுபடியும் பயறா? நான் மனுஷனா, குதிரையா?"

"குதிரை எவ்வளவோ தேவலை. போட்டதை முனகாமத் தின்னும்."

தட்டைக் கணவர் முன்னால் வைத்துவிட்டு, தன் தட்டோடு அவளும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பகல் முழுவதும் சட்டைத் தொழிற்சாலையில் நின்றபடியே நூல் பிசிறு வெட்டியதில் கால்கள் கெஞ்சின. வந்ததும் வராததுமாக பீன்ஸ், முட்டைக்கோஸ், கேரட் என்று ஒரு கூடைக் காயை நறுக்கியிருந்தாள். அவரும் சும்மா இருந்துவிட்டு வரவில்லை. மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் காலையிலிருந்து செம்புக் கம்பி சுற்றியதில் விரல்களெல்லாம் வரிவரியாகச் சிவந்திருந்தன. இரண்டு பேருக்கும் பேசவே தெம்பில்லை. ஆனாலும் சாப்பாட்டுச் சண்டைக்கு மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும்.

அவர் கை நேராகச் சோற்றுக்குப் போனது.

"ம்ம்! முதல்ல காய், அப்புறம் பயறு, கடைசியிலதான் சோறு. எத்தனை தரம் சொல்றது? நார்ச்சத்து முன்னாடி உள்ள போனாத்தான் சர்க்கரை ரத்தத்துல மெதுவா ஏறும்."

"உள்ள போய் எல்லாம் ஒண்ணாத்தானே கலக்கப் போவுது?"

"அதை டாக்டர்கிட்ட கேளுங்க."

"ரெண்டு நாளா வயிறு கடமுடான்னு சத்தம் போடுது. கடையில எம் பக்கத்துல உக்காரவே ஆள் இல்ல."

"தண்ணி பத்தலை. இவ்வளவு காய் சாப்பிட்டா தண்ணியும் குடிக்கணும்." செம்பை நகர்த்தி வைத்தாள். "மாத்திரை?"

"கடையிலேயே போட்டுட்டேன்."

"கடையில வேற என்னெல்லாம் போட்டீங்க?"

துவைக்க எடுத்த சட்டைப் பையில் கிடைத்த காகிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கிரீம் பிஸ்கட். கையும் களவுமாகப் பிடிபட்டவர் திருதிருவென்று விழித்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான்…"

"பாக்கெட்டா?"

அவர் காகிதத்தைக் கசக்கி உள்ளங்கையில் மறைத்தார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, கண்தான் நிறைந்தது.

"யாருக்காக நான் இந்தப் பாடு படுறேன்? பழத்தை ஜூஸ் போடாதே, கடிச்சுத் தின்னுன்னாங்க, அப்படியே பண்றேன். மாவைச் சலிக்காதேன்னாங்க, சலிக்கிறதில்ல. விடிஞ்சா ரத்தம் குடுக்கப் போறோம். இந்தத் தடவையும் இறங்கலைன்னா நான் என்னதாங்க செய்வேன்?"

உண்மையில் இந்த வீட்டில் சர்க்கரை முதலில் வந்தது அவளுக்குத்தான். "இப்படியே விட்டா கண்ணுதான்மா முதல்ல போகும்" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். நூல் பிசிறு பார்த்துப் பிழைக்கிற கண். அவளோ அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். மாத்திரையை விழுங்கியதோடு சரி. "எனக்கு ஒருத்திக்காகத் தனியாச் சமைக்கணுமாக்கும்" என்று பானையில் மிஞ்சியதை நின்றபடியே வழித்துத் தின்றாள். மகள் போனில் அழுதாள். அவர் கெஞ்சிக் கூத்தாடினார். அவள் அசைந்தால்தானே!

ஒருநாள் அவர் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்து, தனக்கும் சர்க்கரை, அதுவும் அவளைவிட அதிகம் என்று சொன்னார். ஆடிப்போய்விட்டாள். மறுநாளே வெள்ளை ரொட்டி வெளியே போய், தவிடு நீக்காத மாவு உள்ளே வந்தது. இரண்டு சமையலுக்கு நேரம் ஏது? அவளும் அதையே சாப்பிட்டாள். தனக்காக ஒரு கேரட்டைக்கூட நறுக்காதவள் அவருக்காகக் கூடை கூடையாக நறுக்கினாள். இப்படியும் சில பெண்கள், என்ன சொல்ல!

"சரி, அழாத. இனிமே பிஸ்கட்டைத் தொடமாட்டேன்." அவர் பீன்ஸை அள்ளி வாயில் போட்டு, மருந்துபோல் மென்றார். "நீயும் சாப்பிடு. நீ சாப்பிட்டாத்தான் எனக்குத் தொண்டையில இறங்கும்."

அவள் மூக்கை உறிஞ்சியபடி காயை எடுத்தாள். அவள் தட்டில் காய் தீரும்வரை அவர் சோற்றைத் தொடவில்லை.

காலையில் வேலைக்குப் போகும் வழியிலேயே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இறங்கினார்கள். அவள் முதலில் போய்க் கையை நீட்டிவிட்டு வந்து, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க போங்க. பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"பயமா, எனக்கா?" என்று முனகிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ரத்தம் எடுக்கும் பெண் அவருக்கு ஊசி எதையும் எடுக்கவில்லை. கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி, குத்தாத கையில் வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள்.

"சர்க்கரையே இல்லாத மனுஷன், இன்னும் எத்தனை நாளைக்கு சார் இந்தப் பயறும் பீன்ஸும்?"

"அதை விடும்மா. அவளுக்கு எவ்வளவு?"

மேசை மேலிருந்த மெஷின் அப்போதுதான் ஒலித்தது. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லாவே இறங்கியிருக்கு சார்! இப்படியே சாப்பிட்டா கண்ணுக்குப் பயமில்ல."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெளியில அக்கா உங்களுக்கு எவ்வளவுன்னு கேப்பாங்களே சார், என்ன சொல்லட்டும்?"

அவர் பெருமூச்சு விட்டார்.

"எனக்கு இறங்கவே இல்லைன்னு சொல்லிடும்மா."