முதலில் கட்டிய பெட்டி

போன் அடிக்கவில்லை.

அடிக்காவிட்டால் போகட்டும், எனக்கென்ன? நான் ஒன்றும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன், போன் மடியில் இருந்தது, அவ்வளவுதான்.

காலையில்தான் இந்த வீட்டுக்குக் குடி வந்தேன். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல். தபால் நிலையத்தில் முத்திரை குத்திக் குத்தித் தேய்ந்த கைக்கு, ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த சொந்தச் சாவி. அண்ணன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விடிந்தால் அத்தை, அடைந்தால் அத்தை. அத்தை, கத்தரிக்கோல் எங்கே? அத்தை, டார்ச் எங்கே? கல்யாண வயதில் இரண்டு பிள்ளைகள். ஒரு நெயில் கட்டரைத் தேடி எடுக்கத் துப்பில்லை.

அண்ணன் அதற்கும் மேலே. அலமாரி முன்னாலேயே நின்றுகொண்டு அலமாரி எங்கே என்று கேட்கிற ஆள்.

போதுமடா சாமி என்றுதான் கிளம்பினேன்.

புது வீட்டுக்கு எது எது அவசியம் என்று ஆளாளுக்கு நாட்டாமை செய்தார்கள். அண்ணன் மெழுகுவர்த்தி என்றான். அவன் மகன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றான். மகள் போனைப் பார்த்து, முதல் நாள் பை என்று தனியாக ஒன்று வேண்டுமாம் அத்தை என்றாள். மாற்றுத்துணி, மாத்திரை, சார்ஜர், சோப்பு, படிக்கிற கண்ணாடி எல்லாம் அதில் கைக்கெட்டுகிற மாதிரி இருக்க வேண்டுமாம். சரி என்று அப்படியே வைத்தேன்.

அண்ணி ஒரு வாளியைக் கொண்டுவந்தாள். அப்புறம் இன்னொரு வாளி. சாயங்காலம் மூடி போட்ட வாளி. நான் குடி போகிறேனா, தீ அணைக்கப் போகிறேனா?

முறைக்குத்தான் அண்ணி. வயதில் என்னைவிடச் சில மாதம் சின்னவள். அதனால் வாயில் 'நீங்க' என்று வந்தாலும் என் மனசில் அவள் எப்போதும் 'நீ'தான்.

கிளம்புகிற நேரத்தில் பையை என் கையிலிருந்து பிடுங்கினாள். அடுக்கத் தெரியவில்லை என்று திட்டி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி அடுக்கி, ஜிப்பை இழுத்து மூடித் தந்தாள்.

"ரெண்டே நாள்ல நீயே போன் பண்ணி 'அண்ணி, நான் வந்துடறேன்'னு அழுவ, பாரு."

"யாரு முதல்ல போன் பண்றாங்கன்னு பாத்துடலாம்."

பார்த்துவிடலாம் என்று சவடாலாகச் சொல்லிவிட்டு வந்தாயிற்று. இப்போது நான் கூப்பிட்டால் மானம் போகும். அவர்கள் கூப்பிடாவிட்டால் அதைவிடக் கேவலம். இத்தனை வருஷம் என் உயிரை எடுத்த வீட்டுக்கு, நான் இல்லாத முதல் நாளே ஒரு குறையும் தெரியவில்லை என்றால், நான் அங்கே யாராக இருந்தேன்? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தூசுதான். புது வீடு அல்லவா.

மத்தியானம் குளிக்கப் போகும்போதும் போனைக் கூடவே எடுத்துப்போய்ச் சோப்பு பக்கத்தில் வைத்தேன்.

ஒருவேளை அடித்து, என் காதில் விழாமல் போயிருந்தால்? எடுத்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாலும் எல்லாம் கலங்கல். நல்ல வெளிச்சமான வீடும்மா என்று தரகர் வாய் கூசாமல் புளுகியிருக்கிறார். பல்பைப் போட்டேன். அதுவும் அழுது வடிந்தது. தரகரையும் பல்பையும் சேர்த்துத் திட்டிவிட்டு மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் போன் அடித்தது.

கொஞ்சம் அடிக்கட்டும் என்று விட்டேன். ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"நெயில் கட்டரை எங்க வச்சுத் தொலைச்ச?"

அண்ணிதான். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்குப் பின்னால் அண்ணன் டார்ச்சைக் காணோம் என்று கத்தினான். மகனுக்குக் கத்தரிக்கோல். மகளுக்குச் செலோ டேப். டிராயர்கள் படார் படார் என்று மூடுகிற சத்தம் வேறு. அடடா, என்ன இனிமை!

எழுந்து, அதுவரை உட்கார்ந்திருந்த பெட்டியைத் திறந்தேன்.

நெயில் கட்டர், கத்தரிக்கோல், டார்ச், செலோ டேப், ஊசிநூல் டப்பா, அண்ணனின் முதுகுவலித் தைலம். எல்லாம் பத்திரமாக இருந்தன. வீடு மாறுவது என்று முடிவானதும் நான் முதலில் கட்டிய பெட்டி அதுதான்.

"எல்லாம் இங்கதான் இருக்கு. வேணும்னா நேர்ல வந்து எடுத்துக்கோங்க."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அண்ணி சிரித்தாள்.

"வரோம், வரோம். வரும்போது உன் கண்ணாடியையும் எடுத்துட்டு வரேன். அது இல்லாம மத்தியானமே நீ கூப்பிடுவேன்னு நினைச்சேன், அழுத்தக்காரி."

கண்ணாடியா? அதை நானே டப்பாவில் போட்டுப் பையில் வைத்தேனே.

பையைக் கவிழ்த்தேன். மாத்திரை, சார்ஜர். கண்ணாடி டப்பாவும் இருந்தது. திறந்தால், துடைக்கிற துணி மட்டும் அழகாக மடித்து வைத்திருந்தது.

பாவம் தரகர். வீடு நல்ல வெளிச்சம்தான்.