நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள்

மண்டபத்துக் கடற்கரையில் இருந்த ஜெனோவாவின் பெயர் நானூற்றுப் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் இருந்தது. அதில் அவள் எழுதியது ஒன்றுகூட இல்லை. ஆய்வுலகில் இடமில்லாமல் விடுபட்ட சமூகங்களிலிருந்து ஒருவராவது ஆசிரியராகச் சேராத கட்டுரையை ஆய்விதழ்கள் தொடக்கூடாதென்று விதி வந்த நாளிலிருந்து, மென்பொருளே அவள் பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிடும். சம்மதத்துக்கு அவள் கைப்பேசியில் பெருவிரலை வைத்தால் போதும்.

இன்று காலை அவளுடைய சொந்தக் கட்டுரை திரும்பி வந்தது. தன்னைப் போலவே கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் எட்டுப் பெண்களோடு சேர்ந்து மூன்று வருஷம் பாடுபட்டு எழுதியது. காரணம் ஒற்றை வரிதான்: ‘அனைவரும் ஒரே சமூகத்தினர். பன்முகத்தன்மை போதாது.’

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து பேராசிரியர் திருமலை கூப்பிட்டார்.

“என்னம்மா, என் கட்டுரைக்கு இன்னும் விரல் வைக்கலையே?”

“வாசிச்சிட்டு வைக்கிறேன் சார்.”

“நீ எதுக்கும்மா வாசிக்கணும்? பேர் இருந்தாப் போதும்.”

ஜெனோவாவுக்குச் சுருக்கென்றது. அவள் திரையைத் திறந்து, இதுவரை யாருமே தொடாத ‘ஆசிரியர் ஆட்சேபம்’ பட்டனை அழுத்தினாள்.

“எழுதினவங்கள்ல ஒருத்தர் மறுத்தாலே கட்டுரையை நிறுத்தி வைக்கணும்னு உங்க விதியிலயே இருக்கு சார். நானூத்திப் பன்னண்டையும் நிறுத்திட்டேன். நாங்க ஒன்பது பேரும் உக்காந்து ஒவ்வொண்ணா வாசிக்கப் போறோம். சரியா இருந்தா விடுவோம்.”

“ஐயோ, அதுக்கு வருஷக்கணக்காகுமே!”

“ஆகட்டும் சார். நாங்க மூச்சடக்கிப் பழகுனவங்க.”