இன்னும் ஒரு சுற்று

"எதைப் போட்டா வண்டி ரொம்பக் கீழ இறங்கும், தம்பி?"

உமாதேவி மதினி இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

இத்தனை வருஷத்தில் என் ஒர்க்‌ஷாப் வாசலை மிதிக்காதவர். இன்று காலையில் வீட்டுக்காரர் பூவனலிங்கம் அண்ணாச்சியோடு கான்டெஸா காரின் முன்சீட்டில் உட்கார்ந்து ஜம்மென்று வந்து இறங்கினார். வந்ததிலிருந்து ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

அண்ணாச்சிக்கு மிளகாய் வத்தல் மண்டி. அந்தப் பழைய கார்தான் அவருக்கு உசிர். பஸ்ஸில் ஏறமாட்டார். பைக்கில் உட்கார்ந்தால் வேட்டி மடிப்புக் கலைந்துவிடுமாம். செல்போனில் எவனோ இதே மாதிரி காரைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒரு மாதமாக என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

கோவில்பட்டியில் பழைய கார் என்றால் செண்பகராஜ் என்று பேர் எடுத்து வைத்திருக்கிறேன். அடி தட்டி, ஆயில் ஒழுக ஒரு வண்டி நடுவழியில் நின்று, 'இது அவன் பார்த்த வேலைதான்' என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும். கடையைச் சாத்திவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால் முன்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றி வைத்த பிறகும் அண்ணாச்சியிடம் பேசிப் பேசி அவர் மனசைப் பாதி மாற்றியிருந்தேன். தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. பேரைப் பார்த்ததும் முகம் மலர, பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மதினி என்னைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த குட்டை ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினேன். இது ஒரு இஞ்ச் இறக்கும், பார்வைக்கும் நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்றேன்.

"திரும்ப மாட்டலாம்னா அது வேண்டாம். மறுபடி ஏத்தவே முடியாதபடி ஏதாவது இருக்கா?"

இது என்ன கூத்து! ஊரில் எல்லாரும் வண்டி நல்லபடியாக ஓட என்ன வழி என்று கேட்பார்கள்.

எரிச்சலில் மடமடவென்று சொல்லிவிட்டேன். கழற்றி வைத்திருக்கிற அசல் ஸ்பிரிங்கையே சுற்றுக் கணக்கில் வெட்ட வேண்டும். அதற்குத் தோதாக ஷாக் அப்சர்பரும் குட்டையாகப் போட வேண்டும். பின்னால் அடுக்கியிருக்கிற ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றிரண்டை உருவ வேண்டும். வெட்டினது வெட்டினதுதான். இந்த மாடலுக்கு அசல் ஸ்பிரிங் இனி தவம் கிடந்தாலும் கிடைக்காது.

"அப்ப அதையே செய்யுங்க."

"மதினி, விவரம் தெரியாமப் பேசுதீங்க. எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி அண்ணாச்சி உளுந்துக் காட்டுக்குப் போற பாதையைப் பாத்திருக்கீங்களா? டிராக்டர் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல கரிசல் மேடு. இறக்கின வண்டி அதுல பத்தடி போகாது."

"நிச்சயமா போகாதுல்லா?"

"சத்தியமா போகாது."

மதினி ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"உளுந்துக் காடுன்னா சொல்லியிருக்காவ? எங்களுக்கு அந்தப் பக்கம் காடே கிடையாது, தம்பி. ஒரு வீடு இருக்கு. அதுல ஒருத்தி இருக்கா."



வாரம் தவறாமல் அந்தக் காருக்கு அடியில் படுத்து, அப்பிக் கிடக்கிற கரிசல் மண்ணைச் சுரண்டியவன் நான். 'இந்த வருஷம் உளுந்து எப்படி, அண்ணாச்சி?' என்று அக்கறையாக விசாரித்தவன் நான். அந்த மேட்டில் தட்டக்கூடாது என்று பின்னால் ஒரு பட்டை கூடப் போட்டு, வண்டியைத் தூக்கிக் கொடுத்த புண்ணியவானும் நானேதான். உளுந்தாம், உளுந்து! வந்த ஆத்திரத்துக்கு ஸ்பானரை எடுத்து ரோட்டைப் பார்த்து எறிந்திருப்பேன்.

மதினி அழவில்லை. அவர் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாக்பீஸை எடுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் ஸ்பிரிங்கில் கோடு போட்டேன். ஒரு நிமிஷம் அதையே பார்த்தேன். என் பேர் கெட்டால் கெட்டுப் போகட்டும். கோட்டை அழித்துவிட்டு, இன்னும் ஒரு சுற்று சேர்த்து வெட்டுகிற மாதிரித் தள்ளிப் போட்டேன்.

அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டபடி வந்தார்.

"என்னலே, என்ன முடிவு?"

"மதினி சொல்லுதபடி வெட்டிருவோம், அண்ணாச்சி. தரையோட தரையா நிக்கும்."

அவருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியாலே, எங்க வீட்டம்மாவுக்கே ஆசை வந்துட்டு!" என்றவர், ஏதோ நினைவுக்கு வந்தவராக நின்றார். "ஆமா, அங்கன காட்டுக்குப் போறப்ப அடி தட்டாதுல்லா?"

நான் பதில் சொல்வதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"தட்டினா தார் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து போவோம். இனிமே நானும் கூட வாரேன். நம்ம உளுந்து எப்படி வெளைஞ்சிருக்குன்னு நானும் பாக்கணும்லா."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார்.

நான் கட்டிங் மெஷினை ஆன் செய்தேன்.