திட்டுக்கு ஐம்பது

“உங்க மூளையைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்க மாப்பிள்ளை, துரு ஏறியிருக்கான்னு பார்த்துடலாம்.”

காலைக் காபிக்கு வந்த மாமனார் இதைச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஓர் ஐம்பதை எடுத்து இரும்புப் பெட்டியின் வாயில் திணித்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி செய்தித்தாளை விரித்தார்.

வெல்டிங்காரருக்குக் காது மடல் சிவந்தது. பதிலுக்கு நாக்கு நுனியில் நாலு வார்த்தை வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் ஐம்பது. காபியோடு சேர்த்து விழுங்கினார்.

பெட்டி அவர் கையால் செய்ததுதான். பூட்டு கிடையாது, மூடி கிடையாது. ஆறு பக்கமும் பற்றவைத்து, மேலே விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும். அறுத்தால்தான் பணம் வெளியே வரும். வானத்திலிருந்து பனி கொட்டுவதை மகள் பார்க்க வேண்டுமாம். அவள் படத்தில் பார்த்த ஊருக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும், மூன்று விமான டிக்கெட். அவளுக்குப் பன்னிரண்டு முடிவதற்குள் போயாக வேண்டும். முடிந்துவிட்டால் அவளுக்கும் முழு டிக்கெட்.

அபராதம் மனைவியின் யோசனை. வெல்டிங்காரரின் குரல் அப்படி. அவர் தும்மினால் அடுத்த தெருவில் தகரக் கூரை நெளியும். நெளிந்த கூரையைச் சரிசெய்யவும் அவரிடமே வருவார்கள். அதனால் வீட்டுக்குள் யார் யாரைத் திட்டினாலும் ஐம்பது. “சம்பாதிக்கிற வாய் கொஞ்சம் சேர்க்கவும் செய்யட்டுமே” என்றாள்.

வீட்டை ஒட்டிய பட்டறைக்கு மட்டும் அவர் விலக்கு வாங்கிக்கொண்டார். வேலையாட்களை மேய்க்கிற இடத்திலும் நாக்குக்கு வரி போட்டால் குடும்பம் பனியைப் பார்க்காது, நடுத்தெருவைத்தான் பார்க்கும் என்று வாதாடினார். பள்ளி விட்டு வந்ததும் அந்தப் பட்டறை மூலையில்தான் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கேதான் பெரிய மின்விசிறி.

முதல் மாதம் பெட்டி வயிறாரச் சாப்பிட்டது. அப்புறம் வெல்டிங்காரர் வீட்டுக்குள் திருந்தித் தொலைத்தார். பெட்டிக்குப் பட்டினி.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் ஓர் உறையோடு வந்தார். வெல்டிங்காரர் அதைத் தொடக்கூட இல்லை.

“பொண்ணைக் கொடுத்ததே போதும் மாமா. அவளுக்கு ஊர் சுற்றிக் காட்டுறதுக்கும் உங்க பென்ஷனா?”

மாமனார் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுவாரம் ஆரம்பித்தது வசவு.

நாற்பது வருஷம் நூலகத்தில் இருந்தவர். ‘உஷ்’ என்பதைத் தாண்டி யாரையும் அதட்டத் தெரியாத மனிதர். அவர் இப்போது தினமும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, நிறுத்தி நிதானமாகத் திட்டினார். நீங்க வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்கும் மாப்பிள்ளை என்றார். உங்களை அளந்து வெட்டினால் பழைய இரும்புக்குக்கூடத் தேறாது மாப்பிள்ளை என்றார். ஒருநாள் ஐந்நூறைப் பெட்டியில் போட்டுவிட்டு, சில்லறை இல்லை, மீதிக்கு வந்து திட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். நாணயமான மனிதர். பாக்கி ஒன்பதையும் ஒன்று விடாமல் வந்து திட்டினார்.

வெல்டிங்காரருக்கு அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. வேலை ஓடவில்லை. ஒரு கேட்டைத் தலைகீழாகப் பற்றவைத்தார்.

“உறையை வாங்கலைன்னு இவ்வளவு ஆத்திரமா உங்கப்பாவுக்கு? சோறு தின்கிற வாயா அது? மனுஷனை மனுஷன் பேசுற பேச்சா? கேட்கிறவன் அன்னிக்குப் பூரா எப்படி வேலை செய்வான்னு யோசிக்க வேண்டாம்?” என்றார் மனைவியிடம்.

அவள் பெட்டியைக் காட்டினாள். அவர் ஐம்பது போட்டார்.

மகளுக்குப் பன்னிரண்டு முடிய இரண்டு மாதம் இருக்கையில், ஒரு ஞாயிறு காலை, கூடத்தில் பெட்டியை வைத்தார்கள். நெருப்பு பட்டால் நோட்டு கருகும் என்று ரம்பத்தாலேயே அறுத்தார். மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கவிழ்த்தபோது ஐம்பதுகள் கொட்டின. அவற்றோடு ரப்பர் போட்ட சுருள்கள் உருண்டு வந்தன. ஒன்று, இரண்டு என்று இருபத்தேழு. எல்லாம் பெரிய நோட்டு. ஐம்பதைத் திணிக்கும் சாக்கில், சுருளும் கூடவே போயிருக்கிறது.

மூன்று டிக்கெட்டும் கம்பளிச் சட்டைகளும் போக மிச்சமும் இருந்தது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வெல்டிங்காரர் ஒரு சுருளை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மறுத்து அனுப்பிய உறை, கீறல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

“நாலு டிக்கெட் போடறேன் மாமா. நாலாவது என் காசு. வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க” என்றார்.

செய்தித்தாள் மெல்லத் தாழ்ந்தது. மாமனார் தலையசைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்கணும். பணம் சரி. அந்தப் பேச்செல்லாம் எங்கே பிடிச்சீங்க? உங்க நூலகத்துல அப்படியொரு புத்தகமா?”

மாமனார் பேத்தியைப் பார்த்தார். பேத்தி தரையைப் பார்த்தாள்.

“தாத்தாவுக்குத் திட்டவே தெரியலைப்பா. நான்தான் தினமும் ஒண்ணு எழுதிக் கொடுத்தேன். எல்லாம் பட்டறையில நீங்க வேலையாளுங்களைச் சொல்றதுதான். ‘டா’வை எடுத்துட்டு ‘மாப்பிள்ளை’ போட்டோம், அவ்வளவுதான்.”