ரெண்டாவது ஓட்டு

“இந்தத் தடவை நீங்க தோத்துடுவீங்க கருணா சார்,” என்றார் ஐவி டீச்சர், லிஃப்ட் கதவு மூடியதும்.

கோட்டூர்புரத்தின் அந்த அடுக்ககத்துக்குச் செயலாளரான கருணாகரனின் முகம் தொங்கிப்போனது. செயலாளர் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பவர் பாலகணேஷ். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் வாக்குறுதி. பராமரிப்புக் கட்டணம் பாதி, ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் பிரியாணி. நாலு பேர் கைதட்டினால் நீச்சல் குளமும் சேர்ந்துகொள்ளும்.

“பாதிக் கட்டணத்துல இந்த லிஃப்ட் எப்படி ஓடும் டீச்சர்? என் சம்சாரம் பங்கஜம் அந்த முழங்கால் வலியோட மூணு மாடி ஏறுவாளா?”

“இருபத்துநாலு வீட்ல பத்துதான் அவர் பக்கம். மீதியை நீங்களும் மூணாவதா நிக்கிற ஜூலியட்டும் பிரிச்சுக்கிறீங்க. அதான் அவர் ஜெயிக்கிறார். ஒரு வழி சொல்லட்டுமா? பிடிச்ச வரிசையில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடச் சொல்லுங்க. யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா, கடைசியா வந்தவரை எடுத்துட்டு, அவங்க ஆளுங்களோட ரெண்டாவது ஓட்டை எண்ணணும்.”

கருணாகரன் அன்று மாலையே கூட்டம் போட்டுவிட்டார்.

பாலகணேஷ் கொதித்தார். “மக்கள் தீர்ப்பையே மாத்தப் பார்க்கிற சதி இது! இருந்தாலும் இந்த பாலகணேஷ் பயப்படுற ஆள் இல்ல. வைங்க, பார்த்துடலாம்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. புது முறை ஒருமனதாக நிறைவேறியது.

தேர்தலன்று வாக்குகளை எண்ணினார்கள். பாலகணேஷுக்குப் பத்து, கருணாகரனுக்கு எட்டு, ஜூலியட்டுக்கு ஆறு. ஜூலியட்டை எடுத்துவிட்டு எண்ணியபோது, அந்த ஆறு பேரின் ரெண்டாவது ஓட்டும் கருணாகரனுக்கே வந்து விழுந்தது. பங்கஜத்துக்கு லிஃப்ட் பிழைத்தது.

பாலகணேஷ் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். கருணாகரனுக்கே பாவமாகிவிட்டது. ஆறுதல் சொல்லலாம் என்று போய் மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த பாலகணேஷின் மனைவி சந்திரிகா, சுடச்சுடக் கேசரியை நீட்டினாள்.

“தோத்ததுக்கு யாராவது கேசரி கிண்டுவாங்களாம்மா?”

“நீங்க வேறண்ணே! கைதட்டல் கேட்டா இவருக்கு வாய் நிக்காது. ஜெயிச்சா இதையெல்லாம் எப்படிச் செய்யிறதுன்னு ஒரு வாரமா தூங்கவே இல்ல. விலகிக்கிட்டா மானம் போயிடுமாம்.”

உள்ளேயிருந்து பாலகணேஷ் ஓடிவந்து கருணாகரனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேளை சார், காப்பாத்திட்டீங்க!”

“என்னை ஏன் சொல்றீங்க? யோசனை ஐவி டீச்சரோடது.”

“அவங்களை உங்ககூட லிஃப்ட்ல ஏத்திவிட்டதே நான்தான் சார்!” என்றார் பாலகணேஷ். அவருக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து, இரண்டாவது தட்டுக் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் ஐவி டீச்சர்.