இடப்பக்கச் சுற்று

காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டு வாசலில், சீமைக்குத் திரும்பிவிட்ட துரை கொடுத்துப்போன புல்வெட்டும் மிஷின் முன்னால் தோட்டக்காரர் வையாபுரி குந்தியிருக்கிறார். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததோடு துரையின் பங்களா வேலை போய்விட்டது. இனி இதை நம்பித்தான் அடுப்பெரிய வேண்டும். மிஷினுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டியாயிற்று. ஆனாலும் மிஷினைக் கிளப்ப இழுத்த கயிறு உள்ளே திரும்பாமல் மண்ணில் கிடக்கிறது. கழற்றிய மூடிக்குள், காலை வெயிலில் எண்ணெய் மினுங்கும் சுருள்வில்லை வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். அது பிடிக்காமல் நழுவுகிறது. "இடப்பக்கமாச் சுத்திப் பாருங்க லா," என்கிறாள் மனைவி அஞ்சலை. "பூசை போட்ட சாமான எவனாச்சும் இடமாச் சுத்துவானா?" "சாமிய வலமாச் சுத்துங்க. இது வெள்ளைக்காரன் சாமான்." தெருமுனைக் கோயில் பக்கம் பார்க்காமல் இடமாகச் சுற்றுகிறார். வில் விறைக்கிறது. மூடியை முடுக்கிக் கயிற்றை இழுத்துவிட, அது சர்ரென்று உள்ளே ஓடுகிறது. மிஷின் நீலப் புகை கக்கி உறுமுகிறது. அஞ்சலை கைதட்டுகிறாள். வையாபுரிக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதை நிறுத்துவது எப்படியென்று துரை சொல்லவே இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு மிஷினை வலமாகச் சுற்றிவருகிறார், கும்பிடவா, நிறுத்தும் விசையைத் தேடவா என்று அவருக்கே விளங்காமல்.