பெயர் மறைத்த ரெக்கார்டு

"கதவைத் தொறங்க, அம்மணி. அவரைப் பார்க்காம நான் போறதா இல்லீங்க."

யாகூப்பின் குரலே சரியில்லை. ராமாமணி பயந்துகொண்டே தாழ்ப்பாளை நீக்கினார். யாகூப் மையவாடியிலிருந்து நேராக வந்திருந்தார். மைதீன் பிச்சையின் குழியில் போட்ட மண் இன்னும் அவர் விரலிடுக்கில் இருந்தது. ஒரு நண்பரை அடக்கம் செய்துவிட்டு, இன்னொரு நண்பரின் வீட்டுக்குச் சண்டைக்கு வந்து நின்றார்.

தன் கணவர் ஸ்ரீனிவாஸ் மாடியில்தான் இருக்கிறார், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார் ராமாமணி. யாகூப் அதைக் காதில் வாங்காமல் படியேறினார்.

அந்த மாடி அறை அவருக்குப் புதிதல்ல. பன்னிரண்டு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூன்று பேரும் அங்கேதான் கூடினார்கள். உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் யாகூப். வெள்ளகோவில் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மைதீன் பிச்சை. சிங்காநல்லூரில் நூல் மில் நடத்தும் ஸ்ரீனிவாஸ். மூவரையும் சேர்த்து வைத்தது சோல் பாட்டு. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் அறுபதுகளில் நெஞ்சு வெடிக்கப் பாடியது. பாதி வார்த்தை இவர்களுக்குப் புரியாது. ஆனாலும் அந்தக் குரல் உடையும் இடத்தை ஊசியைத் தூக்கி வைத்து மறுபடி மறுபடி கேட்பார்கள்.

ஊர் ஊராக அலைந்தும், வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிப் போட்டும் அபூர்வமான ரெக்கார்டுகளைச் சேர்த்தார்கள். யாரிடம் எது கிடைத்தாலும் மூவருக்கும் பொது. வீட்டுக்கு எடுத்துப் போய் ஆசை தீரக் கேட்கலாம்.

ஒரே ஒரு ரெக்கார்டைத் தவிர.

அது ஏழு வருடங்களுக்கு முன் கொச்சியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஸ்ரீனிவாஸுக்குக் கிடைத்தது. ஒரு பெண் பாடியது. மூன்று நிமிடம்கூட வராது. முதல் தடவை கேட்டபோது மைதீன் பிச்சை எழுந்துபோய், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பாடுவது யார் என்று கேட்டதற்கு, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று சிரித்தார் ஸ்ரீனிவாஸ். ரெக்கார்டின் நடுவில், பாடகர் பெயர் அச்சிட்டிருக்கும் இடத்தில், பச்சைத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தார். அதை யாரையும் தொட விடவில்லை.

வெளிநாட்டு ரசிகர்களில் சிலர் அப்படிச் செய்வதுண்டு. பெயர் தெரிந்தால் மற்றவனும் தேடி வாங்கிவிடுவானே என்ற பொறாமைதான். ஆனால் மூன்று பேர் மட்டும் இருக்கும் அறையில் அது எதற்கு? ஞாயிறுதோறும் அதைப் போட்டுவிட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று ஸ்ரீனிவாஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். யாகூப்புக்கு உடம்பெல்லாம் எரியும். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செல்போன் ஆப்பும் கைவிரித்துவிட்டது. மைதீன் பிச்சை மட்டும் சளைக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பாடகிகளின் பெயர்களாக எழுதி, இவள் இல்லை, இவளும் இல்லை என்று அடித்துக்கொண்டே வந்தார்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் அவர் ஸ்ரீனிவாஸின் கையைப் பிடித்தார். யாகூப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"இனி நான் யாருகிட்டப் போய்ச் சொல்லப்போறேனுங்க? அந்தப் பொண்ணு பேர மட்டும் சொல்லிப்போடுங்க."

ஸ்ரீனிவாஸ் தலை குனிந்தார். கையை மெல்ல உருவிக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்று விடியற்காலையில் மைதீன் பிச்சை போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்த ஸ்ரீனிவாஸ் மையவாடிக் கதவோரம் நின்றதோடு சரி, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பிவிட்டார்.

இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாகூப்பைக் கண்டதும் எழுந்தார்.

"சாகப்போற மனுசன் கேட்டாரு. ஒரே ஒரு பேரு. அதைச் சொல்லியிருந்தா உன் மில்லு இடிஞ்சு போயிருக்குமா?"

பன்னிரண்டு வருடத்தில் யாகூப் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். நட்பு என்று நம்பி வந்தவர்களை ஏழு வருடம் ஏங்க வைத்து வேடிக்கை பார்த்தவன் என்றார். பாடினவளின் குரலைப் புதையல் மாதிரிப் பூட்டி வைத்த கஞ்சன் என்றார். ஸ்ரீனிவாஸ் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. அது யாகூப்பின் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. நேராக அலமாரிக்குப் போய் அந்த ரெக்கார்டை உருவினார்.

"வேண்டாமுங்க, பாய்."

"பேரைப் பார்த்துட்டு மறுபடி மையவாடிக்குப் போறேன். அவரு கபர்கிட்ட நின்னு நானே சொல்றேன்."

பச்சைத் தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, ஒரே இழுப்பாக இழுத்தார். தாள் கிழிந்து கையோடு வந்தது.

அடியில் லேபிள் வெறும் வெள்ளையாக இருந்தது. பெயர் இல்லை, எண் இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை.

"எனக்கும் தெரியாதுங்க, பாய்," என்றார் ஸ்ரீனிவாஸ். "தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு அன்னிக்கு மறைச்சுப்போட்டேன், உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் கண்டுபுடிச்சுச் சொல்லிருவீங்கன்னுதான் ஏழு வருசமாப் போட்டுக் காட்டிட்டு இருந்தேன்."